ஐந்தாம் வரிசை, இடது ஜன்னல்

கட்டைகளை எடுத்தாயிற்று. முன் சக்கரத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் லோகு தூக்கிக்கொண்டு போய்த் தரையிலுள்ள பாதுகாப்புக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, இடது இறக்கையின் நுனிக்கு நேராக நின்றுகொண்டான். இனி இந்த விமானத்தைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் விமானியின் பிரேக் மட்டும்தான். விமானத்துக்குத் தானாகப் பின்னால் போக வராது. அதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம். மூக்குச் சக்கரத்தில் ஒரு நீண்ட இரும்புக் கம்பியை மாட்டி, அதன் மறுமுனையை டக் என்கிற இழுவை வண்டியில் மாட்டி, காஜா அண்ணன் வண்டியை நகர்த்தி விமானத்தைப் பின்னால் தள்ளுவார். நான் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, விமானியோடு பேசியபடி பக்கத்தில் நடப்பேன். பதினோரு வருடமாக நடக்கிறேன். இன்றைக்கு ஐந்தாம் வரிசையின் இடது ஜன்னலில் பெர்சி இருக்கிறாள். என் மகள். ஒன்பது வயது. நான் இன்னும் மேலே பார்க்கவில்லை. பார்க்க நேரம் இருக்கிறது. நான்கு நாளாக அதைத்தான் யோசித்து வைத்திருக்கிறேன். தள்ளி முடித்து, கம்பியைக் கழற்றி, காஜா அண்ணன் வண்டியோடு விலகிப் போன பிறகு, ஹெட்செட் மாட்டியவன் மட்டும் இடது பக்கம், விமானியின் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் நிற்க வேண்டும். மூக்குச் சக்கரத்தில் செருகியிருந்த இரும்புப் பின்னை, அதில் கட்டிய சிவப்பு நாடா தொங்கும்படி, உயர்த்திக் காட்ட வேண்டும். எடுத்துவிட்டோம், இனி நீங்கள் திருப்பினால் சக்கரம் திரும்பும் என்று அதற்கு அர்த்தம். விமானி பார்த்துக் கைகாட்டும்வரை நகரக் கூடாது. ஒரு நிமிடம் ஆகும். சில நாள் ஒன்றரை. அங்கே நிற்கிறவனை ஐந்தாம் வரிசைக் குழந்தை கழுத்தைத் திருப்பாமலே பார்க்கலாம். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் பெர்சியின் அம்மா எமீமாவிடம் போனில் சொன்னேன், இடது பக்கம் சீட் எடு, இறக்கைக்கு முன்னால் எடு என்று. ஏன் என்று அவள் கேட்கவில்லை. சரி என்றாள். இப்போதெல்லாம் எமீமா எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டவர்கள் அப்படித்தான். இல்லை, அது நியாயமில்லை. அவள் கெட்டவள் இல்லை. எங்களுக்கு ஒத்து வரவில்லை, அவ்வளவுதான். மூன்று வருடம் அயர்லாந்தில் ஒற்றை அறையில் இருந்து, ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து, இரண்டு அறை வீடு எடுத்த பிறகுதான் பிள்ளையைக் கேட்டாள். கேட்டு வாங்கிக்கொண்டு இப்போது பிள்ளைக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள்.

வழியனுப்ப வருகிறவர்கள் கட்டடத்தின் வாசலோடு நின்றுவிட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களின் முதுகு தெரியும், பிறகு அதுவும் தெரியாது. அதனால்தான் நான் லீவு போடவில்லை. ஷிப்ட் பொறுப்பாளர் சகாயம் சாரிடம் சொல்லவும் இல்லை. சொன்னால் இந்த விமானத்துக்கு என்னைப் போட மாட்டார். போடக் கூடாது என்பதுதான் விதி. அந்த விதியைப் புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பவனே நான்தான். வீட்டில் சண்டையா, காய்ச்சலா, தூக்கமில்லையா, வந்து சொல்லிவிடு, சொல்வதில் வெட்கமில்லை, மனம் எங்கேயோ இருக்கிறவன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நடக்கக் கூடாது. இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். காஜா அண்ணனுக்கு மட்டும் தெரியும். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார், “லீவப் போட்டுட்டு பிள்ளையோட இருந்திருக்கலாம்லா மாப்ள?” “வாசலத் தாண்டி விடமாட்டாவண்ணே. இங்கதான் பக்கம்.” “சகாயம் சாருக்குத் தெரிஞ்சா உனக்கும் சங்கு, எனக்கும் சங்கு.” “நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்.” “நான் என்னைக்கு வாயத் திறந்தேன்? எங்க வீட்ல திறக்க விட்டாத்தானே?” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன் டப்பாவிலிருந்த முட்டையை எடுத்து என் சோற்றில் வைத்தார். நான் சாப்பிடவில்லை. இப்போது டக் வண்டியின் ஸ்டீயரிங்குக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வெயில் தரையிலிருந்து மேலே வருகிறது. பூட்ஸுக்குள் கால் வேகிறது. காதுக்குள் விமானியின் குரல் வந்துவிட்டது. பெண் குரல், நிதானமான குரல். தள்ள அனுமதி கிடைத்துவிட்டது, மூக்கு மேற்கு பார்த்து, பிரேக்கை விடுகிறேன் என்கிறார். நான் திருப்பிச் சொல்கிறேன். மேற்கு பார்த்து. பிரேக் விட்டாயிற்று. காஜா அண்ணனுக்குக் கைகாட்டுகிறேன். எழுபது டன் எடை, ஒரு பெருமூச்சுபோல, பின்னால் நகர ஆரம்பிக்கிறது.

சக்கரத்தைப் பார். சக்கரத்தை மட்டும் பார். சக்கரத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு ஆள் படுத்துக்கொள்ளும் அகலம் எப்போதும் இருக்க வேண்டும். இது நடக்கிற வேகம்தான், கைக்குழந்தையோடு போகிற பெண் நடக்கும் வேகம். அதனால்தான் பயம். வேகமாக வருவது எச்சரிக்கும். மெதுவாக வருவது சத்தமே போடாது. எங்களோடு வேலை பார்த்த ராஜபாண்டிக்கு அப்படித்தான் ஆனது. ஜன்னலில் யாரோ தெரிந்த முகம்போல இருந்தது என்று தலையைத் தூக்கினான். இரண்டு வினாடி. என்ன, யாரோ காலை மிதிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தானாம். இன்றைக்கு அவன் பெட்டி ஸ்கேன் செய்யும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறான், இடது பூட்ஸுக்குள் ரப்பர் பாதம். அந்த முகம் தெரிந்த முகமா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை என்றான். சக்கரத்தைப் பார். ஆனால் மேலே ஐந்தாவது ஜன்னலில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கிறது. பார்க்காமலே தெரிகிறது. கண்ணாடியில் நெற்றியை அழுத்தினால் அந்த இடம் மட்டும் வெளுக்கும். ஸ்கூல் வேனிலும் அப்படித்தான் வைத்துக்கொள்வாள். இரண்டாம் வகுப்பில் வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி நெற்றி வீங்கி வந்தது. ஐஸ் வைத்தேன். ‘வேன்காரன் மெதுவாப் போகமாட்டானா’ என்று நான் கத்த, ‘பள்ளந்தான்ப்பா வேகமா வந்துட்டு’ என்றாள். ஒரு தடவை பார்த்துவிட்டேன். ஒரு வினாடிதான். நெற்றி, அதற்குக் கீழே கண்கள், மஞ்சள் சட்டை. நான் இஸ்திரி போட்ட சட்டை. காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது. அங்கே குளிருமே, மேலே எதுவும் போடாமல் உட்கார்ந்திருக்கிறாளே, எமீமா எடுத்து வைத்திருப்பாள். சக்கரம். கம்பி நேராக இருக்கிறது. லோகு இறக்கைக்குக் கீழே சைகை காட்டும் இரண்டு மட்டைகளையும் உயர்த்தி நடக்கிறான். எல்லாம் சரி.

எல்லாம் சரி என்றுதான் அன்றைக்கும் எல்லோரும் சொன்னார்கள். குடும்ப நீதிமன்றத்தில் நீதிபதி அம்மா பெர்சியை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவு முழுதாகச் சாத்தவில்லை. ‘யார்கிட்ட இருக்க ஆசை, கண்ணு?’ சத்தமில்லை. ‘அப்பாகிட்டயா?’ சத்தமில்லை. ‘அம்மா கூட்டிட்டுப் போறாங்களாமே, போறியா?’ அதற்கும் சத்தமில்லை. மேஜைமேல் ஒரு கண்ணாடி உருண்டை இருந்ததாம், அதற்குள் பூ இருந்ததாம். அன்று சாயங்காலம் வண்டியில் வரும்போது அதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். அந்தப் பூ எப்படி உள்ளே போயிருக்கும், தண்ணி ஊத்துவாங்களா. வராந்தாவில் வக்கீல் சொன்னார், ‘வேண்டாம்னு சொல்லலையே தம்பி.’ வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்லவில்லை. காலை ஷிப்ட் என்றால் நாலு மணிக்கு நான் கிளம்ப வேண்டும். அவள் தூக்கத்தோடு எழுந்து, தலையணையைத் தூக்கிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் கதவைத் தட்டுவாள். டீச்சர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் குழந்தை ஒவ்வொரு முறையும் ‘சாரி மிஸ்’ என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போவாள். ஒன்பது வயதில் எதற்கு சாரி. அதை நினைத்துத்தான் பிள்ளையை அனுப்பச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டேன். அதை மட்டும் நினைத்தா? முந்தின நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து என்ன சொன்னேன்? ‘அம்மா பாவம்லா, அங்க தனியா இருக்கா.’ அதைச் சொல்லிவிட்டு, மறுநாள் ஒரு குழந்தை நீதிபதியிடம் என்ன சொல்லும்? வாயை நானே மூடிவிட்டு, சத்தம் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். சக்கரம். காதில் குரல், வலது என்ஜினைக் கிளப்பலாமா? இடதும் வலதும் பார்க்கிறேன். ஆளில்லை. கிளப்பலாம் என்கிறேன். என் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து முனகல் ஆரம்பித்து, ஊளையாகி, தரையின் வழியாக என் முழங்காலுக்கு வருகிறது.

வீட்டில் அவளுக்கு எல்லாச் சைகைகளும் தெரியும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க நான் ஒத்திகை பார்ப்பேன், அவள் எதிரே நின்று செய்வாள். நேரே வா. இடது பக்கம் திரும்பு. மெதுவாக. என் ஸ்கூட்டரை முற்றத்தில் நிறுத்துவதே அவள்தான். இரண்டு தோசைக் கரண்டிகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருவாள், தப்பான இடத்தில் நிறுத்தினால் திருப்பி அனுப்புவாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக வைத்தால் நில். அது ஒன்றுதான் எல்லோருக்கும் பொதுவானது என்று சொல்லியிருக்கிறேன். மற்றச் சைகைகளைக் காட்ட ஆள் உண்டு, வேலை உண்டு. ஆனால் நில் என்று யார் வேண்டுமானாலும் காட்டலாம், பெட்டி ஏற்றுகிறவர் காட்டலாம், தரை கூட்டுகிற அக்கா காட்டலாம். பார்த்தவன் காரணம் கேட்கக் கூடாது. முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் ஏன் என்று கேட்க வேண்டும். ‘சின்னப் பிள்ள காட்டினாலுமாப்பா?’ ‘யார் காட்டினாலும்.’ இதை நினைத்துக்கொண்டே நடந்ததால்தான் தலை தூக்கினேனா, தலை தூக்கிப் பார்த்த பிறகுதான் இதெல்லாம் ஞாபகம் வந்ததா, தெரியவில்லை. ஜன்னலில் நெற்றி இல்லை. இரண்டு சின்னக் கைகள், முழங்கையிலிருந்து குறுக்காக, கண்ணாடியோடு ஒட்டி. அதற்குப் பின்னால் முகம். விளையாட்டு முகம் இல்லை. என் இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன. குறுக்காக. காஜா அண்ணன் பதற்றமில்லாமல் வண்டியின் பிரேக்கை அமுக்கினார், கம்பி ஒரு முறை முனகியது, விமானம் நின்றது. பிரேக் போடுங்கள் என்று நான் சொல்வது எனக்கே கேட்கிறது. பிரேக் போட்டாயிற்று, என்ன விஷயம், கிரவுண்ட்? கீழே இருக்கிற என்னை விமானி அப்படித்தான் கூப்பிடுவார். லோகு மட்டைகளைக் குறுக்காக வைத்துக்கொண்டு இறக்கையையும் என்னையும் மாறிமாறிப் பார்க்கிறான். “என்ன மாப்ள? என்ன கெடக்கு?” காஜா அண்ணன் கத்துகிறார். நிறுத்தியது யார்? பதினோரு வருட வேலைக்காரனா, அப்பனா? கைகள் போனபோது நான் யாராக இருந்தேன்?

கிரவுண்ட், காரணம் சொல்லுங்கள். ஒரு பொய் தயாராக வாயில் வந்து நிற்கிறது. தரையில் ஏதோ கிடந்ததுபோல இருந்தது, பார்த்தேன், ஒன்றுமில்லை. சொன்னால் முடிந்தது. முடியாது. சொன்னால் அதை எழுதுவார்கள், ஜீப்பில் நாலு பேர் வந்து, இல்லாத ஒரு பொருளை வெயிலில் குனிந்து தேடுவார்கள், நாளைக்கு நான் நிஜமாகவே ஒன்றைப் பார்த்து நிறுத்தும்போது என் சொல்லுக்கு ஒரு மாற்றுக் குறைவாக இருக்கும். “ஐந்தாம் வரிசை இடது ஜன்னலில் ஒரு குழந்தை நில் என்று காட்டினாள். அதனால் நிறுத்தினேன்.” காதுக்குள் விமானியின் குரல், “உள்ள ஏதாவது பிரச்சினையான்னு கேக்கறேன். இருங்க.” அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் தமிழில் சொன்னார். இருக்கிறேன். விமானம் நிற்கிறது. ஒரு என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. சக்கரம் அசையாததால் இப்போது மேலே பார்ப்பதில் தப்பில்லை, பார்க்கிறேன். கைகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. எமீமாவின் கை வந்து அவற்றைக் கீழே இறக்குகிறது. இழுக்கவில்லை, அடிக்கவில்லை, தூங்குகிற பிள்ளையின் கையை எடுத்துப் போர்வைக்குள் வைப்பதுபோல. பெர்சி என்னையே பார்க்கிறாள். என்ன கேட்டார்கள் உன்னிடம் அந்த அறையில்? யாரிடம் இருக்க ஆசை என்று. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் ஒருவர் அழ வேண்டும், அதனால் நீ உருண்டையைப் பார்த்தாய். காரணம் கேட்காமல் கேட்டுக்கொள்கிற ஒரே ஒரு பேச்சுதான் உனக்குத் தெரிந்திருந்தது, அதில் நீ சொல்லிவிட்டாய், எல்லோரும் பார்க்கிற மாதிரி, இரண்டு கைகளாலும். நானும் நிறுத்திவிட்டேன். ஆனால் கண்ணு, நான் நிறுத்தக் கூடியது இதைத்தான். இந்த இரும்பை. இதுவும் எவ்வளவு நேரம்? அந்தத் தாளில் நான் போட்ட கையெழுத்துக்கு நில் கிடையாது. அதற்குக் குறுக்காக வைக்க எனக்குக் கை கிடையாது.

“கிரவுண்ட். குழந்தைக்கு ஒண்ணும் இல்ல. பெல்ட் போட்டு உக்காந்திருக்கா. கீழ நிக்கறது எங்கப்பா, அவரத் திட்டிராதீங்கன்னு சொல்றாளாம்.” நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அவரே கேட்டார், “நிஜமா?” “ஆமா மேடம்.” “உங்க பேர் என்ன?” “தனசீலன்.” “தனசீலன், இத எப்படிக் கேக்கறதுன்னு தெரியல. ஆனா கேக்கணும். உங்களால முடிச்சுத் தர முடியுமா? முடியும்னா தொடரலாம். இல்லன்னா வேற ஆள் வரட்டும், நான் காத்திருக்கேன்.” முடியும். முடியும் என்று ஒரு சொல். இன்னும் முப்பது அடி நேராக, பிறகு மூக்கு மேற்கே திரும்பும், கம்பியைக் கழற்றுவோம், நான் இடது பக்கம் போய் நிற்பேன், என் ஒரு நிமிடம். நான்கு நாளாகப் பத்திரமாக வைத்திருந்த நிமிடம். குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். மூக்குச் சக்கரம் இரண்டு. எனக்கு நான்காகத் தெரிந்தது. துடைத்தேன். மறுபடி நான்கு. உள்ளே நூற்று எழுபது பேர், இறக்கைக்குக் கீழே லோகு, அவனுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆனது. வண்டிமேல் காஜா அண்ணன். நான் தப்பாக ஒரு கையை அசைத்தால் அதை ஐந்தாம் வரிசை ஜன்னலிலிருந்து பெர்சி பார்ப்பாள். விமானி அவசரப்படுத்தவில்லை. “வேற ஆள் வரட்டும் மேடம்” என்றேன். “சரி” என்றார். கொஞ்சம் கழித்து, “நன்றி” என்றார்.

சகாயம் சார் நிறுத்துமிடத்தின் முகப்பில்தான் இருந்தார். வாக்கி டாக்கியில் எல்லாம் அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். நடந்து வரும்போதே சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். “உன் பிள்ளையா?” “ஆமா சார்.” “என்கிட்டச் சொல்லிருக்கலாம்லா?” “சொன்னா விட்டிருக்க மாட்டீங்க.” “விட்டிருக்க மாட்டேன்தான்.” கையை நீட்டினார். ஹெட்செட்டைக் கழற்றிக் கொடுத்தேன். கழற்றியதும் என்ஜின் சத்தம் முழுதாகத் தலைக்குள் இறங்கியது. அவர் அதை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துப் போக வேண்டிய திசைக்குத் திருப்பிவிட்டார். திரும்புவதற்கு முன் ஒரு முறை பார்த்தேன். பெர்சியின் உதடு அசைந்தது. நீளமாக ஏதோ சொன்னாள். நான் தலையாட்டினேன், எதற்கென்று தெரியாமல். பிறகு நடந்தேன். விமானியின் கண்ணில் படும்படி, மூக்குக்கு முன்னால் அகலமாகச் சுற்றி, என்ஜின் பக்கம் போகாமல், கட்டடத்தைப் பார்த்து, ஓடாமல். காஜா அண்ணன் வண்டியிலிருந்து என்னைப் பார்க்காததுபோல இருந்தார். கோட்டைத் தாண்டுவதற்குள் பின்னால் கம்பி முனகியது. நகர்கிறது. காதைப் பொத்திக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய், அதன் பிறகுதான் திரும்பினேன். மூக்கு மேற்கே திரும்பிக்கொண்டிருந்தது. திரும்பி நின்றதும் காஜா அண்ணன் கம்பியோடு விலகிப் போனார். மேற்கே திரும்பினால் இடது பக்கம் ஓடுபாதையைப் பார்க்கும், கட்டடத்தைப் பார்ப்பது வலது பக்கம். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் வந்தேன். இருந்தும் ஐந்தாவது ஜன்னலை எண்ணினேன். முன்னாலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் ஒரு பெரியவர் இருந்தார். முதல் முறை விமானம் ஏறியிருப்பார் போல, கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. விமானத்துக்கு அந்தப் பக்கம் சகாயம் சார் இந்நேரம் பின்னை உயர்த்திக்கொண்டு நின்றிருப்பார். அந்த நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர் கண்ணாடி வழியாகக் கையை அசைத்தார். நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் இன்னும் அசைத்துக்கொண்டிருந்தார். நானும் கையைத் தூக்கி, விமானம் நகர்ந்து அவர் முகம் தெரியாமல் போகிறவரை, அசைத்தேன்.